பிடுங்கினவர்தான் மாட்டணும்

இலை போட இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. பொண்ணுக்குத் தாய்மாமன்ங்கிற உரிமையில அதுக்குள்ள ஒரு குட்டிக் கதையைச் சொல்லிடுறேன். சின்ன மச்சான், பொண்ணைப் பெத்தவரே, எந்திரிக்காதீங்க... உங்களுக்குத்தான் சொல்றேன். பெரிய மச்சான், நீங்களும்தான்.

அம்பாசமுத்திரம் பக்கம் பலவேசம், தளவாய்னு அண்ணன் தம்பி. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மைக் செட். கண்ணாடி பல்பு மாதிரி வால்வு வெச்ச பழைய செட்டு. தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும், பாட்டுப் போட்டா அப்படி ஒரு இனிமை. அன்னைக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ராத்திரி வில்லுப்பாட்டு இவங்க செட்டுல நல்லாக் கேட்டுட்டா, இனி வருஷா வருஷம் கோயில் வேலை உங்களுக்குத்தான்னு பெரியவங்க சொல்லியிருந்தாங்க.

சாயங்காலம் அண்ணன் பாட்டைப் போட்டு அலற விட்டாரு. தம்பி, கொஞ்சம் குறைண்ணே, காது அடைக்குதுன்னான். குறைன்னுதானே சொன்னான்? நிறுத்துன்னா சொன்னான்? அண்ணனுக்கு வந்துச்சு ரோஷம். ஸ்பீக்கர் வயரையே பிடுங்கிப் போட்டுட்டு, “இனிமே எங்கிட்டப் பேசாதே”ன்னு டீக்கடைக்குப் போயிட்டாரு. வெளியே சத்தம் இல்ல... உள்ளே பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு.

அந்தச் செட்டுக்குள்ள அவுட்புட் டிரான்ஸ்பார்மர்னு ஒண்ணு உண்டு. செம்புக் கம்பி சுத்தின கனமான கட்டை. வால்வு தர்ற பலத்தை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறதுதான் அதோட வேலை. ஸ்பீக்கர் இல்லாம பாட்டு ஓடினா? வாங்கின பலம் வெளியே போக இடம் இல்லாம அதுக்குள்ளயே பாய்ஞ்சு, கம்பியைக் கருக்கிடும்.

இது தம்பிக்குத் தெரியாதா? தெரியும். அண்ணனுக்கு? அவருக்கும் தெரியும். யாராவது ஒருத்தர் சுவிட்சை அணைக்க வேண்டியதுதானே? அணைக்க மாட்டாங்களே... தம்பி டீக்கடைக்குப் போனான். அண்ணனைப் பார்க்கல, டீக்காரரைப் பார்த்துச் சொல்றான்.

“அண்ணாச்சி, செட்டு சூடாகுதுன்னு இங்க ஒருத்தர்கிட்டச் சொல்லுங்க.”

அண்ணனும் டீக்காரரைத்தான் பார்க்கிறாரு. “சூடு தெரிஞ்சவங்களையே வயரை மாட்டச் சொல்லுங்க, அண்ணாச்சி.”

“பிடுங்கினவர்தான் மாட்டணும்னு சொல்லுங்க.”

பாவம் டீக்காரர். கையில வடிகட்டியோட இந்தப் பக்கம் திரும்புறாரு... அந்தப் பக்கம் திரும்புறாரு... கடைசியில, “ஏம்ப்பா, ஏதோ கருகுற வாடை வருதே”ன்னாரு.

ஓடினாங்க. டிரான்ஸ்பார்மர் போச்சு. அந்த நேரத்துக்கு வேற எங்க கிடைக்கும்? பக்கத்து ஊர்லேர்ந்து செட்டு வந்துச்சு. கோயில் வேலையும் அந்தச் செட்டுக்காரங்களுக்கே போச்சு. இவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமா நின்னு, அடுத்தவன் ஸ்பீக்கர்ல வில்லுப்பாட்டுக் கேட்டாங்க. அப்பவாவது பேசினாங்களா? ம்ஹூம்.

இதை ஏன் சொல்றேன்? பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குப் பெரிய மச்சான், “தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசு”ன்னாராம். அவ்வளவுதான், சின்ன மச்சான் அண்ணனோட பேச்சுவார்த்தையையே அறுத்துட்டாரு. கூடப்பிறந்த அண்ணனுக்குப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்ததுகூட நான்தான். நான் என்ன டீக்காரரா?

கோபம் இருந்தா கத்தித் தொலைங்கய்யா. சத்தம் வெளியே போயிடும். வாயை மூடிக்கிட்டு உள்ளே ஓட விட்டா, நல்லாயிருக்கிற ஒண்ணுதான் கருகும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கருகுறது யாருன்னு மேடையைப் பாருங்க. காலையிலேர்ந்து எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருக்கா நம்ம பொண்ணு.

இப்போ பந்தி. உங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை போடச் சொல்லியிருக்கேன். அண்ணன் இலைக்கு அப்பளம் வரலைன்னா, தம்பி அண்ணனைப் பார்த்து, “அப்பளம் வேணுமாண்ணே”ன்னு வாயைத் திறந்து கேட்கணும். என்கிட்டச் சொல்லாதீங்க... எனக்குக் காது கேட்காது.