வேப்பிலை கட்டிய வாசல்

மோர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த மாட்டேன். சூலக்கரையிலிருந்து இந்த வெயிலில் விசாரணைக்கென்று ஆமத்தூர் வரை வந்திருக்கிறீர்களே என்றுதான் கேட்டேன். கறிவேப்பிலை கசக்கிப் போட்ட மோர். ஆறட்டும், அப்புறம் குடிக்கத் தோன்றினால் குடியுங்கள்.

மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. முருகம்மாளின் சின்னவன் கதிரவன் என் வீட்டில்தான் இறந்தான். மூன்று வயது. அவனுடைய அக்கா பொன்மணி பள்ளிக்கூடத்தில் ஏதோ சொல்லப்போய், டீச்சர் உங்கள் காதில் போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை பொய் சொல்லாது. நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் நடுவிலிருந்து கேட்டால் நான் ஏதோ கெட்டவள் மாதிரித் தெரியும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

முருகம்மாள் எங்களுக்குப் பின்வீடு. விஸ்வநத்தத்தில் என் வீட்டுக்காரர் நடத்தும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். அவள் ஏறினால்தான் மற்ற பெண்களும் ஏறுவார்கள், அந்தத் தெருவில் அவள் பேச்சுக்கு அப்படி ஒரு மரியாதை. அவள் புருஷன் முனியராஜ் லோடு லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் பால்வாடியிலுமாக வளர்ந்தார்கள். இந்த வருஷம் பன்றிக் காய்ச்சல் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. பால்வாடியைப் பூட்டினார்கள், பள்ளிக்கும் லீவு விட்டார்கள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, சீசன் உச்சம்.

ஒரு சாயங்காலம் முருகம்மாள் வந்து கொல்லைப்புறம் நின்றாள்.

"அக்கா, ரெண்டும் சேட்டைதேன், ஆனா சொன்னாக் கேட்டுக்கிடும். சீசன் முடியிற மட்டும் நீங்க பாத்துக்கிட்டீகன்னா போதும். இல்லேன்னா நான் வேலைக்கு வர முடியாதுக்கா."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வந்த உடனே சரி என்று சொல்லும் ஆள் இல்லை நான். எங்க வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அவ நின்னா அந்த ஷெட்டே நின்னுரும் தங்கம். இந்த லோடு போகலேன்னா பார்ட்டி அடுத்த வருசம் நம்மள எட்டிப் பாக்க மாட்டான்."

காய்ச்சலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கவலைப்படுகிற வேலையையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்தே என்னிடம் விட்டுவிட்டார். நான்தான் யோசித்தேன். வேனில் நெருக்கியடித்துப் போய்வருகிற பெண்கள், அவர்களிடமிருந்து பிள்ளைகள், பிள்ளைகளிடமிருந்து என் வீடு. சின்னவனுக்கு அப்போதே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. காலையில் முதல் காரியமாக என் மகன் ஜெயச்சந்திரனைச் சாத்தூரில் என் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். அவனுக்கும் மாமா பிள்ளைகளோடு விளையாட ஆசை இருந்தது. அதன்பிறகு முருகம்மாளைக் கூப்பிட்டுச் சரி என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனம் நிறைந்திருந்தது, ஒருவருக்கு உதவினால் வருகிற நிறைவு.

பிள்ளைகளை நான் ஒரு குறையும் இல்லாமல்தான் பார்த்தேன். அவர்கள் வீட்டில் கிடைக்காத நெய்ச்சோறும் பருப்பும் போட்டேன். கதிரவன் என்னைப் பெரிம்மா என்பான். காலிப் பட்டாசுப் பெட்டிகளை வரிசையாக வைத்து ரயில் விடுவான், நான் சிக்னல் காட்டினால்தான் நகரும். அவனை எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் ரயிலை விட்டுவிட்டு என் மடியில் வந்து படுத்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. இருமல், சிவந்த கண். டிவியில் காலையும் மாலையும் காட்டியது எல்லாம் இருந்தது. என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு நிதானமாக யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் தொண்டையில் சளி எடுத்துச் சோதிப்பார்கள். என் வீட்டுக்கு ஆள் வரும், வேனுக்கு வரும், ஷெட்டுக்கு வரும். மறுநாள் ஒருத்தியும் வேன் ஏற மாட்டாள். ஒரு பிள்ளையின் காய்ச்சலுக்காக ஒரு தெருவே தீபாவளிக்குப் பட்டினி கிடக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

அன்று காலையில்தான் முருகம்மாள் கேட்டுக்கு வெளியே நின்றே பிள்ளைகளை விட்டுப் போயிருந்தாள். மாதத் தூரம், உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அது ஞாபகம் வந்ததும் வழி தானாகத் தெரிந்தது. வேப்பங்கொத்தை ஒடித்து வாசல் நிலையில் கட்டினேன்.

எங்கள் பக்கத்தில் அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அம்மை கண்ட வீடு என்று கீரைக்காரி ஒதுங்கிப் போனாள். வீடுவீடாகக் காய்ச்சல் விசாரித்து வந்த இரண்டு பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். முருகம்மாள் வேனிலிருந்து இறங்கி வந்தவள், கேட்டருகே அப்படியே கைகூப்பி நின்றாள்.

"ஆத்தா வந்திருக்காளாக்கா?"

"ஆமா. உன் மகன்மேல இறங்கியிருக்கா. நீ இருக்கிற நிலைக்கு உள்ள காலு வச்சிராத, கோவிச்சுக்கிடுவா."

"முத்து எம்புட்டுக்கா போட்டிருக்கு?"

"இப்பத்தான் எட்டிப் பாக்குது."

தூரமான பெண் அம்மை வீட்டுக்குள் வந்தால் பிள்ளையின் கண் போய்விடும் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை நான் உண்டாக்கவில்லை, அது அவளிடமே இருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், வேலைக்குப் போ, நான் இருக்கிறேன் என்றேன். போனாள். மற்ற பெண்களும் ஏறினார்கள்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அவன் முகத்திலும் நெஞ்சிலும் கனமாகப் பூசினேன். அம்மை கண்டால் பூசுவதுதான். பொன்மணி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரிம்மா, முத்து எங்கன இருக்கு?"

"மஞ்சளுக்குள்ள இருக்கு" என்றேன். விரலால் சுரண்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

காய்ச்சல் மாத்திரை வீட்டில் இருந்தது. கொடுக்கவில்லை. அம்மைக்கு மருந்து கொடுத்தேன் என்று பொன்மணி தாயிடம் சொல்லிவிட்டால், கதை நிற்காது. இளநீர் கொடுத்தேன், வேப்பிலையால் வருடிக்கொடுத்தேன். வாயில் துணி கட்டிக்கொண்டு, நிலவேம்புக் கஷாயம் குடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். எல்லாரும் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?

பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். அப்போதும் எங்கள் கார் வாசலில்தான் நின்றது. விருதுநகர் பெரியாஸ்பத்திரி பக்கம்தான். நான் கிளம்பவில்லை. விடியும் முன்னால் அடங்கிவிட்டான்.

புதிதாக அரைத்து, நகம்கூடத் தெரியாமல் பூசிவிட்டுத்தான் முருகம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். அம்மை கண்ட உடம்பைக் குளிப்பாட்டக் கூடாது, யாரும் தொடக் கூடாது, ஆத்தா எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு வாய்விட்டு அழக் கூடாது என்று சொன்னேன். முருகம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று மட்டும் வேன் வரவில்லை, அந்த மரியாதையை நாங்கள் கொடுத்தோம். லோடு சொன்ன தேதிக்குப் போனது. சீசன் முடிந்து அவள் என் வீட்டுக்கு வந்து, "எம் பிள்ளைய எம்புட்டுப் பாத்தீக அக்கா" என்று என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன், உண்மையாகவே.

என்ன கேட்டீர்கள்? பெற்றவள் ஒரு தடவையாவது பார்க்கக் கேட்கவில்லையா என்றா?

கேட்டாள். அந்தக் கடைசிச் சாயங்காலம் வேனை விட்டு இறங்கி நேரே கேட்டுக்கு வந்தாள். கையெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி. அவள் குரல் கேட்டதும் இவன் உள்ளே அம்மா, அம்மா என்று ஆரம்பித்துவிட்டான். சத்தம் பெரிதாக இல்லை, மூச்சு எங்கே இருந்தது. ஆனாலும் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"அக்கா, என்னையத்தேன் கூப்பிடுதான். நான் உள்ள வரலைக்கா. கதவை மட்டும் தெறங்க, இங்கனயே நின்னு மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அழுத கண்ணீரில் முகத்து மஞ்சள் முழுக்கக் கரைந்திருந்தது. சுத்தமான முகம், ஒரு புள்ளி கிடையாது. அந்த நேரத்துக்குப் பூச, அரைத்து வைத்ததும் இல்லை. டேப்ரிக்கார்டரில் அம்மன் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு, திறந்திருந்த ஜன்னலையும் அடைத்துத் தாழ் போட்டேன். இருட்டும் வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும்.

அந்த முகத்தை அவள் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாளா? நானும் பிள்ளை பெற்றவள், எனக்குத் தெரியாதா. அவளை நினைத்துத்தான் அடைத்தேன்.