ஆறு பத்துக்கு வரும் பெயர்

சாயங்காலம் ஆறு பத்து. லாரிகள் மட்டும் போகும் சாலை... ஓரத்தில் ஆட்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்ட அலுவலகம். நடுவில் யாரும் எழுந்து ஓடக் கூடாது, சொல்லிவிட்டேன். இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

சித்தப்பாதான் அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர். யார் இன்டர்நெட்டுக்குள் போனாலும் அவருடைய ப்ராக்ஸி சர்வரில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தாக வேண்டும். அதிகம் டேட்டா இழுப்பவர்களின் பெயரை ஒரு பட்டியலில் போடுவார். அவ்வளவுதான், அந்தப் பெயருக்கு மட்டும் வேகம் ஆமையாகிவிடும்.

டைப்பிஸ்ட் அக்காவையும் அதில் போட்டார். வேலை முடிந்ததும் ஆறு பத்துக்கு அவள் மகளை வீடியோவில் பார்ப்பாள். ஐந்து வயது. வெளியூரில் தங்கை வீட்டில் வளர்கிறது.

"சார், குழந்தை மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுது. கால் மணி நேரம் மட்டும் திறந்து விடுங்களேன்."

"நாளைக்குப் பாக்கலாம்மா."

அன்று படம் உறைந்தே போனது. கையில் செல்போனோடு, சிக்னல் தேடிச் சாலையைக் கடந்தாள். லாரி...

குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை. சித்தப்பா அவள் பெயரை, உள்ளே விடும் பெயர்களிலிருந்து அழித்தார். வேகம் குறைக்கும் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, சர்வர் எழுதிவைக்கும் வருகைப் பதிவைப் பார்த்தார். தினமும் ஆறு பத்து. அழித்த பெயர்... சரியான பாஸ்வேர்டு. கால் மணி நேரம்.

அன்று அதே நேரத்துக்கு மாடி ஏறினார். அவள் அறை பூட்டியிருந்தது. உள்ளே... கீச்... கீச்... நாற்காலிச் சக்கரம். கதவிடுக்கில் டீசல் வாடை. அவருக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்தியது. கீழே ஓடி, வேகம் குறைக்கும் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தார்.

"நல்லாப் பாத்துக்கோம்மா."

ஆறரைக்கு அவளுடைய தங்கைக்குப் போன் செய்தார், மன்னிப்புக் கேட்க. குழந்தை எடுத்தது.

"சித்தி குளிக்கிறாங்க. நான் இப்பதான் அம்மாகூடப் பேசினேன்."

"தினமும் பேசுவியா?"

"ம். கட்டம் கட்டமா வருவாங்க. இன்னைக்குத்தான் தெளிவாத் தெரிஞ்சாங்க..." குரல் இறங்கியது. "அங்கிள், அம்மாவுக்கு ஒரு பக்கம் மூஞ்சியே இல்லையே... ஏன்?"

சித்தப்பா போனைக் காதில் வைத்தபடியே அந்தப் பெயரைத் திரும்பவும் பட்டியலில் ஏற்றினார்.

பட்டியலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. ஆறு பத்துக்குத் தினமும் வருகிறது... மெதுவாக.