நூல் கடிக்கும் பல்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்து. கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சட்டென்று சொன்னாள்:

"என் முன்பல்லுல நூல் போற அளவுக்குப் பள்ளம் வுழுந்துருக்குதாம்க்கா."

"யாரு சொன்னது?"

"கம்பெனில பல் கேம்ப் போட்டாங்களே, அந்த டாக்டரம்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டு, தைக்கிற நூலைப் பல்லுல கடிக்காதன்னாங்க."

"நல்லதுதானே சொன்னாங்க?"

"இன்னா நல்லது? ஆறு மிஷினுக்கு ஒரு கத்தரி. அதையும் கயித்துல கட்டி அந்தக் கோடியில வச்சிருக்கான். ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து போய் வெட்னா டார்கெட் முடியுமா? பீஸ் கம்மின்னு கத்துறது யாரு, டாக்டரம்மாவா?"

அவள் குரலுக்குக் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்ல வேண்டிதானே?"

"டாக்டரம்மா எதுர்லயே கத்தரி கேட்டேன்க்கா. உடனே ஏற்பாடு பண்றேன்னு பல்லைக் காட்னான். இன்னிக்குப் பண்ணிட்டான்."

"கத்தரி வந்துருச்சா?"

"போர்டு வந்துச்சு. 'நூலைப் பல்லால் கடிக்காதீர்'னு. என் மிஷினுக்கு மேலயே நூல் போட்டுக் கட்னான். கட்டி முடிச்சு, மிச்சம் தொங்குன நூலை என் மூஞ்சிகிட்ட நீட்றான்."

"எதுக்கு?"

"கத்தரி அந்தக் கோடியில இருக்குதாம். நீயே கொஞ்சம் கடிச்சு வுடேன்றான்க்கா."