புளி போட்டு விளக்கிய காசுகள்

அன்று காலை ஆற்றோரத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்தான்: பால்வண்ணநாதனாகிய நான், குற்றாலம் கடைத்தெருவில் பழைய நாணயம் வாங்கி விற்கும் முகம்மது ஆசிக், மேலே படிக்கட்டில் குடைக்குக் கீழே மங்குஸ்தான் கூடையோடு ஜோதிலட்சுமி. நாற்காலி வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. சாரல் காலத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மறைப்பதற்கு இருந்த காரணம் நேற்றோடு தீர்ந்துவிட்டது.

காசுகள் என் பாட்டனார் ஒரு பெட்டியில் சேர்த்தவை. நாயக்கர் காலத்துச் செப்புக் காசுகள், செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்துச் சக்கரக் காசுகள். தென்காசிக் கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. ஊருக்கு வரும் பெரிய மனிதர்களை அந்தப் பெட்டியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள்.

பெட்டி காணாமல் போனதும் நான்தான் உங்களிடம் புகார் கொடுத்தேன். வீட்டார் மேல் சந்தேகம் உண்டா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரம் வெள்ளையடிக்க வந்த சுடலையாண்டியின் பெயரைச் சொன்னேன். அவனைக் கூட்டிவந்து உள்ளே வைத்தீர்கள்.

சில நாள் கழித்து ஆசிக் செல்போனில் கூப்பிட்டான். அவன் தகப்பனாரும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதனால் என்னை மாமா என்பான். பெட்டி தன்னிடம் இருக்கிறது, கடைக்கு வாருங்கள் என்றான். கடையில் நாலு பேர் பார்ப்பார்கள், ஆற்றுக்குக் கொண்டு வா என்றேன். அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கூட்டம் இருக்காது.

பெட்டியைத் திறந்தேன். செப்பெல்லாம் அன்று வார்த்ததுபோல் பளபளத்தது. ஆசிக் சிரித்தான்.

"புளி போட்டு விளக்கிட்டாவ மாமா. குத்துவிளக்குன்னு நெனச்சுட்டாவ போல. பழைய காசுக்குக் மேல படிஞ்ச பச்சைக் களிம்புதான மதிப்பு. இத வச்சி இனி ஒரு மங்குஸ்தான்கூட வாங்க முடியாது."

"செல்லாக் காச வச்சி நான் என்னய்யா செய்ய?" என்றாள் ஜோதிலட்சுமி மேலேயிருந்து. "அண்ணாச்சி, நல்ல நோட்டா இருந்தா ரெண்டு கிலோ போடுதேன்."

ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். திருடுகிறவன் காசை விளக்கிக்கொண்டிருக்க மாட்டான். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை தோறும் பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்குகிறவள் என் மகள் ஸ்ரீமதி. சிவகிரியில் கட்டிக்கொடுத்தோம். தை மாதம் கன்றிய கன்னத்தோடு வந்து நின்றாள். திரும்பிப் போ என்று சொல்லியிருந்தேன். போக மாட்டேன், தனியாக இருந்து பிழைத்துக்கொள்கிறேன் என்றாள். எதை வைத்து என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

ஆசிக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வித்துத் தரச் சொல்லி அக்காதான் கொடுத்துட்டுப் போனாவ. நானும் வாய மூடிட்டுத்தான் இருந்தேன். ஆனா சுடலையாண்டிய உள்ள வச்சிருக்காவ. அவன் பொண்டாட்டி கடை வாசல்ல நின்னு அழுவுதா. நீங்களே போயி புகார வாபஸ் வாங்கிருங்க மாமா. இல்லைன்னா மத்தியானம் நான் போயி நடந்தத சொல்லிருவேன்."

"சொன்னா என் வீடு என்னலே ஆகும்?"

"வீடு அங்கனதான் இருக்கும். ரெண்டு நாள் பேசுவாவ. அப்புறம் வேற கதை வந்துரும்."

நல்ல பையன். அந்த ரெண்டு நாள் என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

படி வழியாக ஏறினால் ஜோதிலட்சுமி ஏதாவது கேட்பாள், பாறை வழியாகப் போ என்றேன். சாரல் தொடங்கிவிட்டால் அந்தப் பாறையில் யாரும் கால் வைப்பதில்லை. கடைத்தெருவிலேயே வளர்ந்த அவனுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். முன்னால் நடந்தான். "பாத்து வாங்க மாமா, பாசியா கிடக்கு" என்றான். அடுத்த எட்டில் அவனே வழுக்கினான்.

பாறை விளிம்பில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். மாமா, மாமா என்று கூப்பிட்டான். அந்தப் பக்கம் ஆற்றின் இரைச்சலில் மேலே கேட்டிருக்காது. வேர் சிறியது.

அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் பெட்டியைச் சுடலையாண்டி எங்கள் கொல்லையில் விட்டுப்போன சுண்ணாம்பு வாளிக்குள் வைத்தேன். மறுநாள் உங்கள் ஆட்கள் முன்னால் நானே கண்டெடுத்தேன். நீங்கள் என் கையைக் குலுக்கினீர்கள். காசு ஏன் பளபளக்கிறது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை.

நேற்று ஸ்ரீமதி தானாக உங்களிடம் வந்து, எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டாள். அவள் பெயருக்காக நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டாள். என் வளர்ப்பு அப்படி.

சுடலையாண்டியை அனுப்பிவிடுங்கள். மேற்குச் சுவர் பாதியில் நிற்கிறது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆசிக்கை நான் ஆற்றில் தள்ளிவிட்டேன் என்று ஜோதிலட்சுமி கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாளாம். அது பொய். எங்கள் குடும்பத்தில் யாரும் யார் மேலும் கை வைத்ததில்லை. நான் அவனைத் தொடவே இல்லை. அவன்தான் கையை நீட்டினான். என் இரண்டு கையிலும் பெட்டி இருந்தது, கீழே வைக்கலாம் என்றால் பாறையெல்லாம் ஈரம்.