முதலில் கேட்ட குரல்

சாரதாமணி நடத்தும் பிரவுசிங் சென்டரில் நாற்காலிகள் நன்றாக இருக்கும். பெருமாநல்லூரில் வேறெங்கும் அப்படி முதுகைச் சாய்த்து உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நானும் ஆரோக்கியராஜும் அங்கே போனதற்கு முதல் காரணம் அதுதான். ஆட்டமெல்லாம் பிராட்பேண்ட் வந்த பிறகு.

ஆரோக்கியராஜின் வலது கை போனது அவனுடைய தப்பு என்று கம்பெனி அவனை நீக்கிவிட்டது. அது சரிதானா என்று விசாரிக்க வந்த நீங்கள் கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். எங்களோடு வேலை செய்யும் சென்னம்மாள் ஏதோ சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும், நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே மெஷின். பனியன் துணியை ஆவியில் காட்டி, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு மட்டமாக்குகிற மெஷின். சுவிட்ச் என் பக்கம். துணி உருளையில் சுற்றிக்கொண்டால் நான் நிறுத்துவேன். அவன் மறுபக்கம் கைவிட்டு எடுப்பான். ஆவிப்பெட்டி நடுவில் நிற்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கையை வெளியே எடுத்த பிறகு "போடுங்க" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் வராமல் சுவிட்சைத் தொடக் கூடாது.

ஆட்டத்திலும் அதே வார்த்தையை வைத்துக்கொண்டோம். நான்கு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும். மற்ற இருவர் எந்த ஊரோ, இன்டர்நெட்டில் வருவார்கள். ஆரோக்கியராஜ் வெளியே போய்ச் சண்டையிட்டுத் திரும்பி வந்து "போடுங்க" என்றதும் நான் கோட்டைக் கதவை இறக்குவேன். ஒருவன் செத்தாலும் நால்வருக்கும் தோல்வி.

தோற்றால் நான் உடனே அடுத்தவன் பெயரைச் சொல்லிவிடுவேன். கெட்ட வார்த்தை பேசியதில்லை. "உன்னாலதான்" என்பேன், அவ்வளவுதான். தோற்றவுடனே எல்லாரும் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். முதலில் பேசுகிறவன் காட்டுகிற பக்கம்தான் திரும்புவார்கள். வாய்மூடி இருக்கிறவன் மாட்டிக்கொள்வான். இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. முகம் தெரியாத வெளியூர்க்காரர்களிடம் சொல்வது இன்னும் சுலபம். இரண்டு தடவை சொன்னால் அப்புறம் வர மாட்டார்கள். ஆரோக்கியராஜ் மட்டும் வந்துகொண்டே இருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே இருக்கும்போதே கதவு இறங்கிவிட்டது. "நீ போடச் சொன்ன, போட்டேன்" என்றேன். வழக்கம்போல் அவன் சும்மா இருந்திருப்பான். சாரதாமணிதான் வேலையற்றுப்போய், நடந்த ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டுக் காட்டினாள்.

"ஏனுங் கருப்புசாமிண்ணா, அவரு பாதித் தூரங்கூட வருலீங்களே. அதுக்குள்ள எதுக்குங்க போடச் சொல்றாரு? புளுகறதுக்கும் ஒரு அளவில்லீங்களா?"

சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரோக்கியராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், கேலி அவனுக்குத் தானாக வரும்.

"விடுங்க அண்ணாச்சி, வெளாட்டுதான. அடுத்த தடவ நான் சாவுததுக்கு முன்னாடியே ஏசிருங்க. ஜோலி முடிஞ்சிரும்லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் வேலையில் துணி சுற்றிக்கொண்டது. நிறுத்தினேன். அவன் கைவிட்டுத் துணியை இழுக்கிற சத்தம் கேட்டது. கூடவே ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தான். முந்தின நாள் நடந்தது அவன் மனசில் இல்லவே இல்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு மேனேஜரிடம், "அவன் போடச் சொன்னானுங்க, போட்டேன்" என்றேன். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. மடிப்பு மேஜையில் நின்ற சென்னம்மாள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உங்களிடம் சொன்னது சரிதான். "ஏண்டா போடச் சொன்னே?" என்று என் குரல்தான் முதலில் கேட்டது. மெஷின் ஓடியது அதற்குப் பிறகு. அவன் அலறியது அதற்கும் பிறகு.

அவன் போடச் சொல்லவில்லை. கை உள்ளே இருப்பது தெரிந்துதான் போட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் போட வேண்டாம் என்றும் அவன் சொல்லவில்லையே. அதையும் சேர்த்து எழுதுங்கள். பாட்டு முனகத் தெரிந்தவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் எனக்கு இந்த நிலைமை வந்திருக்காது.