ஆவி இறங்கும் வரை

மின்சாரக் குக்கரில் பருப்பு வைக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுப்புக் குக்கரில் விசிலோடு சேர்ந்து கொஞ்சம் தண்ணீர் போய்விடும். இதில் எதுவும் வெளியே போகாது. புதிதாக வாங்குகிறவர்கள் பழைய அளவிலேயே ஊற்றிவிட்டு, பருப்பு நீர்த்துப்போனது என்று குக்கரைக் குறை சொல்வார்கள்.

நீங்கள் கேட்டது சமையலைப் பற்றி அல்ல என்று தெரியும். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள், அதனால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவன். நிறையப் பேருடைய வாக்குமூலத்தை அடித்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் அழுகையில் ஆரம்பிப்பார்கள். பாதி வார்த்தை புரியாது. என்னால் உங்கள் தட்டச்சருக்கு அந்தச் சிரமம் இருக்காது.

குக்கரை வாங்கியவள் என் மனைவி. நான் ஓய்வு பெற்றிருந்தேன். அவளுக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது. பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காருகிற வேலை. குக்கரை மேடையில் வைத்து, கம்பியைச் சொருகி, கையைத் தட்டிக்கொண்டாள்.

"இத்தனை நாள் ரெண்டு பேரும் சம்பாதிச்சோம், நான் ஆக்கிப் போட்டேன். இனிமே நான் மட்டும் சம்பாதிக்கிறேன், நீங்க ஆக்கிப் போடுங்க."

நான் ஆக்கினேன். எனக்கு அது பிடித்துப்போனது. காலையில் சோறு, ஒரு காய். மாலையில் பருப்போ பயறோ, சில நாள் கோழி. எங்கள் சமையலறை சின்னது. ஒரு ஜன்னல், அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். சாப்பிடச் சின்ன மேசை. குக்கர் விசில் அடிக்காது. உள்ளே வேலை நடந்துகொண்டிருப்பதே தெரியாது. வெந்து, ஆவி தானாக இறங்கியதும் மூடியில் இருக்கும் சின்ன ஊசி கீழே விழும். நகத்தால் மேசையைத் தட்டியது போல ஒரு சத்தம். அதற்கு முன்னால் மூடியைத் திறக்க முடியாது.

அவசரமாக இருந்தால் மேலே உள்ள குமிழைத் திருப்பி ஆவியை வெளியேற்றலாம். நான் அப்படிச் செய்வதில்லை. பருப்பாக இருந்தால் நுரை சுவர் முழுக்கத் தெறிக்கும். துடைக்கிறவனுக்குத்தான் தெரியும்.

என் மனைவி குக்கருக்கு இளையவள் என்று பெயர் வைத்திருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"என்ன, இளையவ இன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காளா, நல்லா இருக்காளா?"

வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்வாள். "மூத்தவ நான் கத்துவேன். இளையவ வாயே திறக்க மாட்டா. அதான் இவருக்கு அவ மேல அவ்வளவு ஆசை." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் சிரித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை.

அவள் பேசுவாள். வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் காய் நறுக்கும்போது ஆரம்பித்தால் படுக்கும்வரை பேசுவாள். ஜன்னலுக்கு வந்தவர்கள் கேட்டது, இவள் சொன்னது, வரிசையில் நின்றவர்கள் சொன்னது, எல்லாவற்றையும் அவரவர் குரலில் செய்து காட்டுவாள்.

"நேத்துப் போன பஸ்ஸுக்கு இன்னிக்குப் பெட்டியோட வந்து நிக்கிறாரு. போயிடுச்சுங்கன்னா, என்கிட்ட சொல்லாம எப்படிப் போச்சுன்னு கேக்கிறாரு. நான் என்ன பண்ணட்டும், பின்னாடியே ஓடிப் புடிச்சுக்கிட்டு வரட்டுமா?"

நன்றாகவே பேசுவாள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு அடித்தவன். எனக்குக் காது நிறைந்துவிட்டது. அதை அவளிடம் ஒரு முறை சொன்னேன். சோறு ஆகிற வரைக்குமாவது கொஞ்சம் பேசாமல் இரு என்றேன். "அப்ப மூத்தவளையும் கம்பியச் சொருகி மூடி வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அன்று அவளுக்கு விடுமுறை. மதியத்துக்குப் பருப்பு போட்டு, மூடியைத் திருகி, பொத்தானை அழுத்தியிருந்தேன். அவள் ஸ்டூலில் இருந்தாள். கூட வேலை பார்க்கிற பெண்ணின் கல்யாணப் பேச்சு. நடுவில் வார்த்தை மாறியது. மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஜன்னல் என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த வார்த்தை வார்த்தையாகவே இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஸ்டூல் சாய்ந்து, தொட்டிக்குக் கீழே விழுந்தாள். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாள்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த எழுத்தர் இதே போல விழுந்திருக்கிறார். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று அப்போது வந்த மருத்துவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நீங்கள் தனியாகக் கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் உடனே யாரையும் கூப்பிடவில்லை. குக்கர் ஓடிக்கொண்டிருந்தது.

மின்சாரக் குக்கரை யாரும் காவல் காக்க வேண்டியதில்லையே என்பீர்கள். சரிதான். அது தானாக நின்றுவிடும். அப்புறம் சூட்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். இருந்தாலும் ஒரு பழக்கம். வைத்ததை எடுத்துவிட்டுத்தான் நான் சமையலறையை விட்டு நகர்வேன். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குழாய் ஒன்றில் தண்ணீர் இறங்கியது. மற்றபடி சத்தம் இல்லை. அந்தச் சமையலறை அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. ஊசி விழுந்த பிறகு தொலைபேசியை எடுத்தேன்.

மருத்துவமனையில், எப்போது விழுந்தார் என்று கேட்டார்கள். கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தபோது கிடந்தாள், தெரியாது என்றேன்.

அவள் பிழைத்தாள். வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பேச்சு போய்விட்டது. புத்தி தெளிவாக இருந்தது. சொல்வதெல்லாம் புரிந்தது. விழுங்குவதற்குச் சிரமப்பட்டாள், அதனால் எல்லாவற்றையும் குழைத்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதை நான் சரியாகச் செய்தேன். இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கூட்டினேன். கிழங்கையும் கேரட்டையும் தோல் சீவி, வேக வைத்து, மசித்து, வடிகட்டியில் தேய்த்தேன். கோழியை எலும்பு விரலில் நசுங்கும்வரை வேக விட்டேன். நானே ஊட்டினேன். வாய் துடைத்துவிட்டேன். எதிர் வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். மனைவி தலையாட்டினாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். சின்ன வயது, ஸ்கூட்டரில் வருவாள். ஒரு நாள் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். பிஸ்கட் கொடுத்துப் பார்த்தாள். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"விழுங்கறதுல இனிமே பிரச்சினை இல்ல சார். கெட்டியாவே குடுங்க. கடிக்கட்டும், மெல்லட்டும். வாய்க்கு வேலை வேணும்."

"பேச்சு?"

"வரும் சார். நல்லாவே வரும். நீங்க பேச வைக்கணும். தப்புத் தப்பா வந்தாலும் விடாதீங்க. அவங்க பேசறதக் கேட்டுச் சிரிச்சிடாதீங்க, அவ்வளவுதான்."

பேச்சு வந்தால் அவள் முதலில் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும்.

ஸ்கூட்டர் வரை கூடப் போனேன். நன்றி சொன்னேன். உறவில் ஒரு மருத்துவர் பார்த்துக்கொள்ளப் போகிறார், இனிமேல் நீங்கள் வர வேண்டாம் என்றேன். அவளுக்கு வருத்தம்தான். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொண்டை இன்னும் சரியாகலையாம். கெட்டியா எது தின்னாலும் மூச்சுக்குழாய்ல போயிடுமாம். பேச முயற்சி பண்ணினாலும் அதே ஆபத்துதானாம். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

அவளால் கேள்வி கேட்க முடியாது. கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

அதற்குப் பிறகும் நான் குழைத்துக்கொண்டிருந்தேன். வேக வேண்டியதை விட அதிகமாகவே வேக விட்டேன். கடிக்க ஒரு பருக்கை இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அவள் இளைத்துப்போனாள். வளையல் முழங்கைவரை ஏறியது. குரல் எழுப்பினால் என் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவேன். அதட்டியதே இல்லை.

ஒரு நாள் அவள் ஒரு சொல்லை முழுதாகச் சொல்லிவிட்டாள். தண்ணி என்றாள். அவளுக்கே ஆச்சரியம். சிரித்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வேகமாகக் கொடுத்தேன். புரையேறியது. முகம் சிவந்து, மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. முதுகைத் தடவிவிட்டு, "பாத்தியா" என்றேன். அதற்குப் பிறகு அவள் முயற்சி செய்யவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. பழையபடி அவளை ஸ்டூலில் உட்கார வைத்து நான் காய் நறுக்குவேன். இரண்டு பேருக்குமே அந்த நாட்கள் நன்றாக இருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அவள் தங்கை வந்தாள். வெளியூரிலிருந்து, பெட்டியோடு, சொல்லாமல் கொள்ளாமல். அக்காவைப் போலவேதான் அவளும். நான் ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன அத்தான், அக்காவுக்கு இன்னும் பல்லு முளைக்கலையா? கொழகொழன்னு ஊட்டிக்கிட்டே இருக்கீங்க. அடுத்து தொட்டில் கட்டிடுவீங்களா?"

மருத்துவர் சொன்னது என்றேன். எந்த மருத்துவர் என்றாள். நான் குக்கரைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை இரண்டு பேரும் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். ஆப்பிளைக் கடிக்கிற சத்தம் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பிறகு இன்னொரு இடத்திலிருந்தும் வந்தது. மெதுவாக, விட்டு விட்டு. நான் கூடத்துக்கு வருவதற்குள் என் மனைவி மென்று விழுங்கியிருந்தாள்.

"வேண்டாம், புரையேறிடும்."

"எங்க ஏறுச்சு? ஆப்பிள்தான் தீர்ந்துபோச்சு" என்றாள் தங்கை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இடது கையை நீட்டி இன்னொரு துண்டை எடுத்தாள். கண்ணை எடுக்காமலே மென்றாள். கடைசிவரை மென்றாள். கன்னம் அசைவதை நான் நின்று பார்த்தேன்.

தங்கை மருத்துவமனைக்குப் பேசி, அங்கிருந்து அந்தப் பயிற்சிப் பெண்ணைப் பிடித்துவிட்டாள். பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தபோது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"எல்லாம் உங்ககிட்ட விவரமா சொன்னேங்கிறா அந்தப் பொண்ணு. நீங்க அக்காகிட்ட என்ன அத்தான் சொன்னீங்க?"

நான் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வாடை நிற்கும். துடைத்து மூடியில் மாட்டினேன். அன்றே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். படியிறங்கும்போது மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது என்றீர்கள். நேற்று உங்களிடம் காலை முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள் என்றீர்கள். நல்லது. அவள் பேசினால் யாராலும் நிறுத்த முடியாது. அவள் சொன்னதை நீங்கள் படித்துக் காட்டியபோது கவனமாகக் கேட்டேன். கேட்டு அடித்துப் பழகியவன், என் காதிலிருந்து எதுவும் தப்பாது. கடைக்குப் போகவில்லை என்கிறாள், சரி. தொண்டையைப் பற்றிச் சொன்னது, சரி. தண்ணீர் கொடுத்ததைக்கூடக் கவனித்திருக்கிறாள்.

ஒரு இடம் மட்டும் தவறு. ரொம்ப நேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லியிருக்கிறாள். தரையில் கிடந்தவளுக்கு மேசை மறைத்திருக்கும், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதைத் திருத்தி அடித்துக்கொள்ளுங்கள். நான் நிற்கவில்லை. ஊசி விழுந்ததும் அவள் காலைத் தாண்டிப் போய்த் தட்டு எடுத்தேன். சாய்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி மேசையருகே போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன். பருப்பு கொதிக்கக் கொதிக்க இருந்தது, மெதுவாகத்தான் சாப்பிட முடிந்தது.