நானூற்றுப் பதினெட்டாம் ஓட்டின் வெள்ளி

சென்ற ஆண்டு மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, அரியலூரில் உள்ள நம் மண்பாண்ட ஆய்வகத்தில், மாதிரி அரைக்கும் ரஹ்மத்துல்லா பதினொரு மணி டீயைக் குடித்தார். 418 என்று எண்ணிட்ட பழைய பானை ஓட்டில் பாதியைக் கல்வத்தில் இட்டு மாவாக அரைத்தார். மாவை வில்லையாக அழுத்தி டப்பாவில் வைத்தார். மிச்ச நேரத்தில் ஒரு மாதிரிச் சீட்டின் பின்பக்கத்தில் தங்கள் பிரிவுபசார மடலுக்கான கீழ்க்காணும் விளிகளை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாலேமுக்கால் பஸ்ஸில் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனார்.

மண்ணின் மனமறிந்த மாண்பே! ஓட்டுக்கு ஊர்கண்டு உரைக்கும் உயர்வே! சுண்ணாம்பையும் சுத்தத்தையும் சோர்வின்றிச் சோதித்த சுடரே! இரு மாவட்டக் களிமண்ணும் எழுந்து நின்று வணங்கும் எங்கள் வினோதினி அம்மையாரே!

அன்று மாலை மஃரிபுத் தொழுகைக்குமுன் ஒளு செய்ய, கைகால் கழுவப் போனவர், அங்கேயே சாய்ந்து உயிர் பிரிந்து, தொழுகைக்குப் போய்ச் சேரவில்லை. மடலும் விளியோடு நின்றுவிட்டது.

தாங்கள் ஓய்வு பெற அப்போது ஒன்றரை ஆண்டு இருந்தது. ஆனால் இங்கே ஓய்வு பெற்ற பதினான்கு பேருக்கும் மடல் எழுதிய அவருக்கு, எதையும் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் பழக்கம். எழுதியதை முதலில் மனைவி குல்சுமுக்கு வாசித்துக் காட்டுவார். "இவ்வளவு புளுகாதீங்க, அவங்களுக்கே அடையாளம் தெரியாமப் போயிடும்" என்பது குல்சும் எப்போதும் சொல்லும் ஒரே திருத்தம். ஆகவே மீதியைக் குல்சுமே எழுத, ஊழியர்களாகிய நாங்கள் கையொப்பமிட்டு வாசிக்கிறோம். புளுகு குறைவாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

பானை தான் பிறந்த ஊரைச் சொல்லாது, அதன் மண் சொல்லும் என்பதே தங்கள் இருபத்தெட்டு ஆண்டுப் பணியின் சாரம். சுண்ணாம்பு தூக்கலாக இருந்தால் அரியலூர்ப் பக்கம், இரும்பு மிகுந்தால் பெரம்பலூர்ப் பக்கம் என்று தொடங்கி, வரதராஜன்பேட்டை ஏரி முதல் பூலாம்பாடி வாய்க்கால் வரை தாங்கள் அள்ளாத மண் இல்லை. நம் உதவியாளர் சுவாதியின் திருமணத்துக்கு வந்த தாங்கள், மணமக்களை வாழ்த்திவிட்டு, பந்தக்கால் குழியிலிருந்து ஒரு பிடி மண்ணோடு திரும்பினீர்கள். அது இன்றும் அலமாரியில் 'சுவாதி, பந்தக்கால்' என்ற பெயரில் இருக்கிறது. மாப்பிள்ளை பெயரைச் சேர்க்கச் சொல்லிச் சுவாதி ஆறு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்.

கலப்பு என்றால் தங்களுக்கு ஆகாது. 'கலப்பு ஏறிய மாதிரி குப்பைக்கு' என்று சுவரில் எழுதி வைத்தவர் தாங்கள்.

இந்த விதிக்குப் பெரிய சோதனை பதினோரு ஆண்டுகளுக்கு முன் வந்தது. தா.பழூர்ப் பக்கம் ஆண்டவர் என்பவரின் வயலில் ஏழு பழைய ஓடுகள் கிடைத்தன. அரைத்து வைத்ததில், உலோகங்களை அளக்கும் நம் இயந்திரம் ஏழிலும் வெள்ளி காட்டியது. வெள்ளியை மண்ணில் குழைத்துப் பானை செய்த செல்வந்தர்கள் யார் என்று ஆய்வகமே பரபரத்தது. ஆண்டவர் வயலைச் சுற்றி முள்வேலி போட்டு, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தினமும் காலையில் போன் வரும். "மேடம், உழவா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

தாங்கள் மட்டும் பரபரக்கவில்லை. அதற்கு முந்திய மாதம் சந்தையில் வாங்கிய பூந்தொட்டியின் உடைந்த துண்டை ரஹ்மத்துல்லாவிடம் கொடுத்து அரைக்கச் சொன்னீர்கள். அதிலும் வெள்ளி! மறுநாள் அவர் அரைக்கும்போது பின்னால் போய் நின்று காது கொடுத்தீர்கள். கை ஒரு சுற்று வரும்போதெல்லாம் கல்வத்தின் விளிம்பில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"பாய், கையைக் காட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"காட்டுங்க."

விரலில் வெள்ளி மோதிரம். "கல்யாண மோதிரம் மேடம். பத்தொம்பது வருசமா கழட்டல. கழட்டணும்னா நீங்களே வூட்டுக்கு வந்து சொல்லிடுங்க, நான் சொல்லமாட்டேன்."

அன்றே பிளாஸ்திரி ஒட்டி மோதிரத்தை மூடினீர்கள். அடுத்த வாரம் வெள்ளி போய்விட்டது. எல்லா ஓட்டிலும் துத்தநாகம் ஏறியது. பிளாஸ்திரிப் பசையில் துத்தநாகம் இருக்கும் என்பதை நாம் அறிந்தது அப்படித்தான். "இதையும் ஆண்டவர்கிட்ட சொல்லிடலாமா மேடம்?" என்று ரஹ்மத்துல்லா கேட்டதும், தாங்கள் பிளாஸ்திரியைப் பிய்த்துக் குப்பையில் போட்டீர்கள்.

அவர் சொன்னபடியே லப்பைக்குடிக்காட்டுக்குப் போனீர்கள். ஊரில் பாதிப்பேர் துபாய்க்குப் போயிருக்க, அரியலூருக்கு மட்டும் போய்வந்தவரின் வீட்டில் உட்கார்ந்து, "வேலை நேரத்துல மட்டும் கழட்டி வைக்கட்டும்மா, நான் பொறுப்பு" என்றீர்கள். குல்சும் யோசித்தார். "சாயங்காலம் விரல்ல இல்லாம வந்தா, உங்க ஆபீசுக்கே வந்து கேப்பேன்" என்றார். சோப்பும் நூலும் அரை மணி நேரமும் சேர்ந்து மோதிரத்தைக் கழற்றின.

அன்றிலிருந்து அது பகலெல்லாம் தங்கள் மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் கிடந்தது. காலையில் கேட்டு வாங்கி வைப்பதும், மாலையில் "பாய், மோதிரம்" என்று கூப்பிட்டுக் கொடுப்பதும் தாங்களே. பத்து ஆண்டுகளில் ஒருநாளும் குல்சும் இங்கே வந்து கேட்க நேரவில்லை.

418-ஐ அரைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை தாங்கள் பெரம்பலூரில் ஒரு மீட்டிங்கில் இருந்தீர்கள். மோதிரத்தைக் கேட்க ஆள் இல்லை.

பத்தாம் நாள் சுவாதி 418-இன் வில்லையை இயந்திரத்தில் வைத்தார். வெள்ளி காட்டியது. 

செய்தி குல்சுமுக்கும் எட்டியது. சுவரில் எழுதியிருந்த விதியும் அவருக்குத் தெரியும். மோதிரம் அவரிடம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கை கடைசியாகச் செய்த வேலை குப்பைக்குப் போய்விட்டதா என்று கேட்க அவருக்கு ஒன்றரை ஆண்டாக வாய் வரவில்லை.

தாங்கள் விதியை மீறவில்லை. ஓட்டின் மீதிப் பாதியைச் சுவாதியை அரைக்கச் சொல்லி, வெள்ளி இல்லாத அந்த முடிவையே அறிக்கையில் எழுதினீர்கள். தா.பழூரில் கிடைத்த 418, பூலாம்பாடிப் பக்கத்து மண். இன்றைக்கே பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தை அந்தப் பானை எப்படியோ கடந்து வந்திருக்கிறது.

போன வாரம், ரஹ்மத்துல்லா எழுதிய பழைய மடல்களைப் பார்க்கக் குல்சும் இங்கே வந்தார். தாங்கள் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலைக் கொண்டுவந்து அவர் முன் விரித்தீர்கள். 418-க்கு நேரே, தங்கள் கையெழுத்தில், 'கலப்பு: வெள்ளி. நீக்க வேண்டாம்.'

"விதி என்னாச்சு மேடம்?" என்றார் சுவாதி.

"அது ஓட்டோட மாதிரி இல்லம்மா, கலப்போட மாதிரி. மோதிரத்தோட அரைச்சா என்ன வரும்னு அடுத்து வர்றவங்களுக்குக் காட்ட வேணாமா?" என்று சொல்லிவிட்டு, தாங்கள் மூக்குக்கண்ணாடியை நெடுநேரம் துடைத்தீர்கள். பிறகு வில்லையை எடுத்து, குல்சும் பார்க்க இயந்திரத்தில் வைத்தீர்கள். அது காட்டிய எண்ணை இம்மடலின் அடியில் சேர்க்கிறோம்.

அம்மையாரே! தங்கள் குருதியில் இரும்பு குறையாமலும், எலும்பில் சுண்ணாம்பு தேயாமலும், போகிற ஊரிலெல்லாம் குனிந்து மண் அள்ளும் இடுப்பு பிடித்துக்கொள்ளாமலும், நூறாண்டு கலப்பின்றி வாழ்க!

அன்புடன்,
ஆய்வக ஊழியர்கள்
எழுத்து: விளி ரஹ்மத்துல்லா; மீதி குல்சும்
அரியலூர், 30.9.2025

மாதிரி 418. வெள்ளி, பத்து லட்சம் பங்கில்: சென்ற ஆண்டு மார்ச்சில் 41. போன வாரம் 41.